மூடிவிட்டார்கள் என்றால் தீர்ந்துவிட்டதா? ஓப்பன் சோர்ஸ் குழுக்களின் பிழைதிருத்தத்தை அளப்பது பற்றி

கேள்வி: ஜனவரி 11, ஞாயிறு, மாலை 6:10

ஒயிட்ஃபீல்டில் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை. இரண்டு வருட அனுபவம். பிடிஎஃப் உருவாக்க ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதாவது யார் வேண்டுமானாலும் பார்த்து எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தயார் கோடு, எடுக்க வேண்டும். கடைசியில் இரண்டு நிற்கின்றன. ஒன்றில் பயனர்கள் பதியும் பிழைகளைச் சராசரியாக 9 நாளில் மூடுகிறார்கள். இன்னொன்றில் 70 நாள் ஆகிறது. 9 நாள் குழுதான் பிழைகளை நன்றாகத் திருத்துகிறது என்று ரிப்போர்ட் எழுதிவிட்டேன். இதில் தப்பு இருக்கிறதா?

ஜனவரி 11, இரவு 9:40

இருக்கிறது. அந்த 9 நாளை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

நான் பதினாறு வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன், அதில் பன்னிரண்டு வருடம் பெங்களூரில். இந்தச் சராசரியை வைத்து நல்ல குழுக்களைத் தள்ளிவிட்டு, பிறகு வருந்தியதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழுவிடம் பத்துப் பிழைகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஆறு சுலபமானவை, ஒவ்வொன்றும் 5 நாளில் முடிந்தது. நான்கு கடினமானவை, இரண்டு வருடமாகத் திறந்தே கிடக்கின்றன. இன்று சராசரி எடுத்தால் என்ன வரும்? 5 நாள். திறந்திருக்கும் நான்குக்கும் முடிவு தேதியே இல்லாததால் அவை கணக்கிலேயே வருவதில்லை.

அடுத்த வாரம் அந்தக் குழுவினர் உட்கார்ந்து நான்கையும் திருத்திவிடுகிறார்கள். இப்போது சராசரி எடுங்கள். ஆறு பிழைக்கு 30 நாள், நான்கு பிழைக்கு 730 வீதம் 2,920 நாள், மொத்தம் 2,950. பத்தால் வகுத்தால் 295 நாள். அந்தக் குழு தன் வாழ்நாளிலேயே நன்றாக உழைத்த வாரம் அது. அந்த வாரத்தில்தான் அவர்களுடைய எண் 5-லிருந்து 295-க்குப் போகிறது.

உங்களுடைய 70 நாள் குழு பழைய பிழைகளைத் தூசி தட்டித் திருத்திக்கொண்டிருக்கும் குழுவாக இருக்கலாம். 9 நாள் குழு கடினமானதைத் தொடாத குழுவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சராசரியை வைத்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. முதலில் திறந்தே கிடப்பவை எத்தனை, எவ்வளவு காலமாக என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

ஜனவரி 11, இரவு 10:15

ஒரே ஒரு பதிவு சராசரியை எப்படி இழுக்கும் என்பதற்கு உண்மையான உதாரணம் ஒன்று. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முதல் பிழைப் பதிவு. அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் 2004 ஆகஸ்ட் 20 அன்று பதிந்தது. 'மைக்ரோசாஃப்ட்டுக்குச் சந்தையில் பெரும்பங்கு இருக்கிறது' என்பதுதான் பிழை. அவரே 2013 மே 30 அன்று அதை மூடினார். 3,200 நாளுக்கு மேல். ஒரு கொள்கை அறிவிப்பு பிழைப் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. கணக்குப் போடும் ஸ்கிரிப்டுக்கு அது தெரியுமா?

ஜனவரி 12, திங்கள், மதியம் 1:20

'அப்படியென்றால் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவு எடுத்தால் போதுமா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இடைநிலை அளவு என்பது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண். சராசரியைவிட நல்லது. ஆனால் போதாது.

ஓப்பன் சோர்ஸ் பற்றி நடந்த ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று இணையதளங்களை அனுப்பித் தரும் அப்பாச்சி வெப் சர்வர் மென்பொருளைப் பற்றியது. மாக்கஸ், ஃபீல்டிங், ஹெர்ப்ஸ்லெப் என்ற மூவர் செய்தார்கள். விரிவான கட்டுரை 2002-இல் வந்தது. அதில் எனக்கு மனப்பாடமாகிப்போன மூன்று எண்கள் உண்டு. பாதி அறிக்கைகள் ஒரு நாளுக்குள் முடிந்தன. முக்கால்வாசி முடிய 42 நாள் ஆனது. தொண்ணூறு சதவீதம் முடிய 140 நாள் ஆனது.

ஒன்று, நாற்பத்திரண்டு, நூற்றுநாற்பது. இடைநிலை அளவை மட்டும் எடுத்திருந்தால் 'அப்பாச்சி ஒரு நாளில் திருத்துகிறது' என்று எழுதியிருப்போம். உங்கள் பிழை அந்தப் பாதியில் விழுமா, கடைசிப் பத்து சதவீதத்தில் விழுமா? அதுதான் உங்களுக்குத் தேவையான கேள்வி. தீராத பிழைகள் எல்லாம் அந்த வாலில்தான் இருக்கின்றன. அதனால் எண் கேட்டால் மூன்று எண்ணாகக் கேளுங்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் சொன்னார்கள். புதிய கோடில் எண்பது சதவீதத்துக்கு மேல் எழுதியவர்கள் பதினைந்து பேர்தான். பிழை திருத்தியவர்களின் வட்டம் அதைவிடப் பெரியது. கோடு எழுதும் கையும் திருத்தும் கையும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்று எனக்கு முதலில் புரிந்தது அங்கேதான்.

ஜனவரி 13, செவ்வாய், இரவு 11:05

இன்று இதை எழுதியே ஆக வேண்டும். இரண்டு நாளாக மனதில் உறுத்துகிறது. நாம் எல்லோரும் 'மூடிய தேதி' என்பதைத் 'திருத்திய தேதி' என்று எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தெருமுனையில் ஒரு குழி. போன மழைக்காலத்தில் ஒரு ஸ்கூட்டர் அதில் விழுந்தது. செயலியில் போட்டோவோடு புகார் போட்டேன். நான்காம் நாள் மெசேஜ் வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' மாலையில் போய்ப் பார்த்தேன். குழி அப்படியே இருந்தது, தண்ணீரோடு. அந்த அலுவலகத்தின் கணக்கில் என் புகார் நான்கு நாளில் தீர்ந்த புகார். தெருவில் நடப்பவர்களின் கணக்கு வேறு.

இதே கதை எனக்கு ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்திலும் நடந்தது. பெயர் வேண்டாம். நல்ல மென்பொருள், இன்றும் பயன்படுத்துகிறேன். அதில் ஒரு பெரிய கோப்பில் 'கௌதமன்' என்ற பெயரைத் தேடினேன். கண்ணுக்கு முன்னால் பெயர் இருக்கிறது, தேடல் இல்லை என்கிறது. தமிழில் வேலை செய்பவர்களுக்குக் காரணம் உடனே புரியும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடு தரத்தில் 'கௌ' எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் ள போலத் தோன்றும் ஒரு குறி என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்றுதான் தரம் சொல்கிறது. இது போதாதென்று, பலர் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே அடித்துவிடுகிறார்கள். மூன்றும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். தேடுகிற நிரலுக்கு மூன்றும் வேறு வேறு.

பிழை பதிந்தேன். திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களில் தமிழ் தெரியாத ஒருவர் என் அறிக்கையிலிருந்து சொல்லைப் பிரதி எடுத்து ஒரு புதுக் கோப்பில் ஒட்டித் தேடினார். கிடைத்தது. கிடைக்காமல் எப்படி இருக்கும்? கோப்பில் ஒட்டியதும் தேடியதும் ஒரே வடிவம். 'எனக்கு வேலை செய்கிறது' என்று எழுதி மூன்றாம் நாள் மூடினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பொறுமையாகத்தான் பார்த்தார். ஆனால் அந்தத் திட்டத்தின் புள்ளிவிவரத்தில் என் பிழை மூன்றே நாளில் தீர்ந்த வெற்றிக்கதை.

பக்ஸில்லா மாதிரி பழைய பிழைப்பதிவு அமைப்புகளில் இதற்கு ஒரு மரியாதை இருந்தது. மூடும்போது காரணம் சொல்ல வேண்டும்: திருத்தியாயிற்று, செல்லாது, திருத்தப்போவதில்லை, ஏற்கெனவே பதிந்தது, எனக்கு வேலை செய்கிறது. கணக்கெடுக்கும்போது 'திருத்தியாயிற்று' என்பதை மட்டும் பிரித்தெடுக்கலாம். இன்று பல ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள் இருக்கும் கிட்ஹப் தளத்தில் வெகுகாலம் திறந்தது, மூடியது என்ற இரண்டே நிலைதான். இப்போது 'முடிந்தது', 'திட்டத்தில் இல்லை' என்று பிரிக்கலாம். ஆனாலும் நான் பார்த்த பல குழுக்கள் அதைக் கவனிப்பதில்லை.

'ஸ்டேல் பாட்' என்று ஒன்றும் உண்டு, பழைய பதிவுகளைத் தானே மூடும் நிரல். 60 நாள் யாரும் பேசாவிட்டால் 'பழையது' என்று முத்திரை, அதற்குமேல் 7 நாள் மௌனம் என்றால் மூடல். கிட்ஹப்பின் அந்தக் கருவியில் இயல்பாக வருவதே இந்த எண்கள்தான். எந்த லைப்ரரியில் மூடும் நாட்கள் 67-ஐ ஒட்டிக் குவிந்து கிடக்கின்றனவோ, அங்கே மனிதர் கை படவில்லை என்று பொருள்.

ஜனவரி 13, இரவு 11:50

தம்பி, உங்கள் 70 நாள் லைப்ரரியிலும் இந்த பாட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலே எழுதியபிறகுதான் தோன்றியது. 70-க்கும் 67-க்கும் தூரம் அதிகமில்லை. அந்தக் குழு உழைக்கிற குழுவாக இருக்கலாம் என்று முதல் குறிப்பில் சொன்னேன், இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு, மாலை 4:30

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு இன்று காலைதான் திரும்பினேன். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் ஒன்றரை மணி நேரம் பஸ் நின்றது. அதற்குள் இங்கே இவ்வளவு பேச்சு.

ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழையை எத்தனை நாளில் திருத்தினார்கள் என்று கேட்டவருக்கு: அது நல்ல உதாரணம், ஏனென்றால் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அந்தப் பிழை இணைய இணைப்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் கோடுக்குள் நுழைந்தது 2011-இன் கடைசி நாளில். 2012 மார்ச்சில் 1.0.1 பதிப்போடு உலகத்துக்குப் போனது. கூகுளில் இருந்த நீல் மேத்தா 2014 ஏப்ரல் 1 அன்று குழுவுக்குத் தெரிவித்தார். ஏப்ரல் 7 அன்று திருத்தத்தோடு 1.0.1ஜி வந்தது. தெரிவித்ததிலிருந்து எண்ணினால் ஆறு நாள், அருமை. பதிப்பில் வெளிவந்ததிலிருந்து எண்ணினால் இரண்டு வருடத்துக்கு மேல். திருத்தம் வந்தபிறகும் எத்தனையோ சர்வர்கள் பழைய பதிப்பிலேயே ஓடின, அது மூன்றாவது கடிகாரம்.

பயனருக்கு வலிப்பது இரண்டாவதும் மூன்றாவதும். பெரும்பாலான அளவீடுகள் காட்டுவது முதலாவது.

அந்தச் சமயத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான். உலகத்தின் பாதுகாப்பான இணைய இணைப்புகளில் பெரும்பகுதி அதன் தோளில் இருந்தது. இதைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சில்க் போர்டு சிக்னலில் பஸ்ஸுக்குள் நின்றபடி போனில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

ஜனவரி 18, இரவு 8:00

திருத்தம் என்றாலே சரியான திருத்தம் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து.

2011-இல் ஒரு ஆய்வு வந்தது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்சோலாரிஸ், அவற்றோடு ஒரு வணிக இயங்குதளம். வெளியீட்டுக்குப் பிறகு செய்த திருத்தங்களில் 14.8 முதல் 24.4 சதவீதம் வரை தவறான திருத்தங்கள் என்று கண்டார்கள். ஏழில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை. இவை அனுபவம் மிக்கவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்யும் இயங்குதளங்கள்.

2014-இல் ஷெல்ஷாக். 1989-லிருந்து பாஷ் ஷெல் என்ற கட்டளை நிரலுக்குள் இருந்த பாதுகாப்பு ஓட்டை. முதல் திருத்தம் வந்தது, அது முழுமையில்லை என்று உடனே தெரிந்தது, அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. 2021 டிசம்பரில் லாக்4ஜே, ஜாவா நிரல்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லைப்ரரி, அதில் ஒரு பெரிய ஓட்டை. 2.15.0 பதிப்பில் திருத்தம் வந்தது, போதவில்லை. 2.16.0. அப்புறம் 2.17.0. மாதம் முடிவதற்குள் 2.17.1. அந்த மாதம் பெங்களூரில் ஐடியில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் அணியில் கிறிஸ்துமஸ் லீவு போட்டவர்கள் லேப்டாப்போடுதான் ஊருக்குப் போனார்கள். ஒவ்வொரு பதிப்பு வந்தபோதும் மறுபடி முதலிலிருந்து டெஸ்ட்.

லாக்4ஜே குழுவைக் குறை சொல்லவில்லை. தன்னார்வலர்கள், உலகமே கத்திக்கொண்டிருந்தபோது இரவு பகலாக வேலை செய்தார்கள். என் கேள்வி அளவீட்டைப் பற்றியது: 2.15.0 வந்த நாளில் 'தீர்ந்தது' என்று குறித்துக்கொண்டால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

அதனால் 'மீண்டும் திறக்கப்பட்டவை எத்தனை' என்பதையும் கேளுங்கள்.

ஜனவரி 18, இரவு 8:45

மேலே கடைசி வரியைத் திருத்துகிறேன். மீண்டும் திறந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் நல்லது என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். கிட்ஹப்பில் பராமரிப்பாளர் மூடியதை, பிழை பதிந்த சாதாரணப் பயனர் தானாகத் திறக்க முடியாது. அதற்குத் திட்டத்தில் தனி உரிமை வேண்டும். அவர் என்ன செய்வார்? புதிதாக இன்னொன்று பதிவார், அல்லது சலித்துப்போய் விட்டுவிடுவார். இரண்டு வழியிலும் 'மீண்டும் திறந்தவை: பூஜ்யம்' என்றுதான் வரும். நேர்மையாகத் திறக்கவிடும் குழுவின் எண்தான் மோசமாகத் தெரியும்.

என் 'கௌ' பிழைக்கு நடந்ததும் அதுவே. ஒரு வருடம் கழித்து இன்னொரு தமிழர் அதையே பதிந்திருந்தார். 'ஏற்கெனவே பதிந்தது' என்று சொல்லி, மூடிக் கிடந்த என் பதிவைக் காட்டி அதையும் மூடிவிட்டார்கள்.

ஜனவரி 20, செவ்வாய், காலை 7:30

முதல் குறிப்பில் நான் சொன்னது பாதிதான் சரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். 'திறந்தே கிடப்பவற்றை எண்ணுங்கள்' என்றேன். திறந்து கிடப்பவை எல்லாம் பிழைகளா என்று கேட்கவில்லை.

ஜெர்மனியில் 2013-இல் ஹெர்சிக், யுஸ்ட், ட்செல்லர் மூவரும் ஐந்து ஜாவா திட்டங்களிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கையால் பிரித்துப் பார்த்தார்கள். பிழை என்று முத்திரை குத்தப்பட்டவற்றில் 33.8 சதவீதம் பிழையே இல்லை. புது வசதி கேட்டவை, ஆவணத்தைத் திருத்தச் சொன்னவை, கோடை ஒழுங்குபடுத்தியவை. மூன்றில் ஒன்று! இதைச் சுத்தம் செய்யாமல் போடும் எந்தக் கணக்கும் அடித்தளம் இல்லாத வீடு.

இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு லைப்ரரியின் ஐம்பது பதிவுகளைக் குலுக்கிப் போட்டு எடுத்துப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நான்கு கேள்வி. இது உண்மையில் பிழையா? முதலில் பதில் சொன்னது மனிதரா? மூடியது திருத்தித்தானா? திருத்தத்தோடு அதைத் தானாகச் சோதிக்கும் ஒரு டெஸ்டும் சேர்த்தார்களா? மூன்று மணி நேரம் ஆனது. எந்த டாஷ்போர்டும் சொல்லாத அளவுக்கு அந்தக் குழுவைத் தெரிந்துகொண்டேன். யார் பொறுமைசாலி, யார் அவசரக்காரர், எந்தப் பகுதியைத் தொட யாருமே பயப்படுகிறார்கள் என்பதுவரை.

டெஸ்ட் சேர்ப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். திருத்திய இடத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதி வைத்தால் அந்தப் பிழை அதே வழியில் சத்தமில்லாமல் திரும்பி வர முடியாது. ஒரு குழுவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் பார்க்கலாம் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால், இதைத்தான் பார்ப்பேன்.

ஜனவரி 20, இரவு 9:10

'திறந்திருப்பவற்றைக் கணக்கில் சேர்ப்பது எப்படி, அவற்றுக்குத்தான் முடிவு தேதி இல்லையே' என்ற கேள்விக்கு.

மருத்துவர்கள் இதே சிக்கலை எப்போதோ சந்தித்துவிட்டார்கள். ஒரு சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் எத்தனை வருடம் இருக்கிறார்கள் என்று ஆராயும்போது, ஆய்வு முடியும் நாளில் பலர் நன்றாக உயிரோடு இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் சிகிச்சை பயனற்றது போலத் தோன்றும். 1958-இல் கப்லான், மையர் இருவரும் இதற்கு ஒரு முறை கொடுத்தார்கள். இன்றுவரை இருப்பவரை 'குறைந்தது இவ்வளவு நாள்' என்று கணக்கில் வைத்துக்கொள்வது. பிழைகளுக்கும் அப்படியே பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு: அங்கே நீண்ட ஆயுள் நல்லது, இங்கே கெட்டது.

ஆர், பைத்தான் மாதிரி நிரல்மொழி தெரிந்தால் சில வரிகளில் முடியும். தெரியாவிட்டால் சாதாரண எக்செல்லில் இப்படிச் செய்யுங்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலாண்டில் பதிந்த பிழைகளை மட்டும் எடுங்கள். 30-ஆம் நாளில் எத்தனை திறந்திருந்தன? 90-ஆம் நாளில்? 365-ஆம் நாளில்? எல்லாப் பிழைக்கும் ஒரு வருடமாவது கழிந்துவிட்டதால் யாரும் விடுபட மாட்டார்கள். அதற்கு முந்தைய காலாண்டுகளுக்கும் இதையே செய்து ஒப்பிட்டால் குழு முன்னேறுகிறதா, களைத்துப்போகிறதா என்று தெரியும்.

இன்னும் எளிமையாக வேண்டுமென்றால், ஒரு மாதத்தில் மூடிய பிழைகளின் எண்ணிக்கையை அந்த மாதம் வந்தவற்றின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நூறுக்கு மேல் என்றால் குவியல் குறைகிறது. கீழே என்றால் வளர்கிறது. ஆனால் ஸ்டேல் பாட் மூடியதைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

ஜனவரி 22, வியாழன், இரவு 10:30

'சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்களை அளக்க நமக்கு என்ன உரிமை?'

இந்தக் கேள்வியை எழுதியவருக்குப் பதில் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். மேலோட்டமாக ஏதோ சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

எக்ஸ்இசட் கதையை நினைத்துப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள், பல வருடமாக ஒருவர் பார்த்துக்கொண்டது. 2022-இல் அவருடைய அஞ்சல் பட்டியலில் சிலர் வந்து, பேட்ச்கள் (மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்கள்) தேங்கி நிற்கின்றன, ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்கலாமே என்று நெருக்கினார்கள். தனக்கு மனநலச் சிரமம் இருக்கிறது, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் பதில் எழுதினார். அப்புறம் பொறுப்பில் பங்கு பெற்ற நபர்தான் 2024-இல் ரகசியமாக உள்ளே நுழைய உதவும் பின்வாசல் ஒன்றைச் சொருகினார். கணினியில் உள்நுழைவதில் அரை விநாடித் தாமதத்தைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை வெளியே கொண்டுவந்தார். இல்லாவிட்டால் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அங்கே சாட்டையாகப் பயன்பட்டது எது? 'நீ மெதுவாக இருக்கிறாய்' என்ற ஒரு வாக்கியம். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே அளவீடு.

அதனால் எனக்கு இப்படித் தோன்றுகிறது. ஒரு லைப்ரரியைச் சார்ந்திருக்கலாமா என்று முடிவெடுக்க அளக்கலாம், அளக்கவும் வேண்டும். நம்முடைய பயனர்களின் பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போய்ப் பராமரிப்பாளரின் முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது. எண் மோசமாக இருந்தால் நமக்கு இரண்டு நேர்மையான வழிதான் உண்டு. வேறு லைப்ரரிக்குப் போகலாம், இல்லாவிட்டால் கை கொடுக்கலாம்.

லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2017-இல் தொடங்கிய கேயாஸ் திட்டம் ஓப்பன் சோர்ஸ் சமூகங்களை அளப்பதற்கென்றே இருக்கிறது. அவர்களுடைய அளவீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, முதல் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. திருத்தம் வர ஒரு வருடம் ஆகட்டும். 'பார்த்தேன், இப்போது முடியாது, இந்த வழியில் சமாளித்துக்கொள்ளுங்கள்' என்று இரண்டாம் நாள் ஒரு மனிதர் எழுதினால் என்னால் வேலையைத் திட்டமிட முடியும். பாட் போடும் 'நன்றி, உங்கள் பதிவு கிடைத்தது' என்பதை மட்டும் பதிலாக எண்ணிவிடாதீர்கள்.

ஜனவரி 24, சனி, காலை 11:00

வெள்ளிக்கிழமை ரிலீஸ் போடலாமா என்று பேச்சு எங்கோ போய்விட்டது. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்கும் ஆய்வு உண்டு. 2005-இல் மொசில்லா, எக்லிப்ஸ் என்ற இரண்டு ஓப்பன் சோர்ஸ் திட்டங்களின் வரலாற்றையும் துருவி, பின்னால் திருத்த வேண்டிவந்த மாற்றங்கள் எவை என்று பார்த்தார்கள். மாற்றத்தின் அளவுக்கும், அது வாரத்தின் எந்த நாளில் நடந்தது என்பதற்கும் தொடர்பு தெரிந்தது.

எந்த மாற்றம் பிழையைக் கொண்டுவந்தது என்று அவர்கள் துப்பறிய வேண்டியிருந்தது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் இன்று திருத்துபவரே எழுதிவிடுகிறார்: 'ஃபிக்ஸஸ்' என்று ஒரு வரி, அதில் பிழையை உள்ளே கொண்டுவந்த கமிட்டின், அதாவது கோடு மாற்றத்தின், அடையாள எண். பிழை எத்தனை நாள் வாழ்ந்தது என்பது கையோடு கிடைத்துவிடும். ஹார்ட்பிளீடில் நான் சொன்ன இரண்டாவது கடிகாரத்துக்கு நெருக்கமானது இதுதான். இந்தப் பழக்கம் எல்லாத் திட்டங்களிலும் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

ஜனவரி 27, செவ்வாய், இரவு 9:20

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்து எழுதியிருப்பதைப் பார்த்தேன்: 'அக்கா, இரண்டிலும் ஐம்பது ஐம்பது படித்தேன். 9 நாள் லைப்ரரியில் பாதிக்கு மேல் கேள்விகள்தான், உண்மையான பிழைகளில் பலவற்றை பாட் மூடியிருக்கிறது. 70 நாளில் பாட் இல்லை. ஒருவர்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். திருத்தம் ஒவ்வொன்றிலும் டெஸ்ட் இருக்கிறது. போன வருடம் ஆறு வருடப் பழைய பிழைகளை எல்லாம் முடித்திருக்கிறார்.'

பாட் பற்றிய என் சந்தேகம் தவறு. முதலில் நினைத்ததே சரி.

ஆனால் 'ஒருவர்தான்' என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் லைப்ரரிக்கும் காய்ச்சல். கம்பெனி அதை எடுப்பதானால் வாரத்தில் அரைநாள் உங்களில் ஒருவர் அங்கே வேலை செய்ய மேலாளரிடம் அனுமதி கேளுங்கள். பேட்ச் எழுத வேண்டும் என்றுகூட இல்லை. வரும் பிழைகளை இயக்கிப் பார்த்து, 'ஆமாம், எனக்கும் வருகிறது, இந்தப் படிகளில் வருகிறது' என்று எழுதினாலே பெரிய உதவி. 2008-இல் அப்பாச்சி, எக்லிப்ஸ், மொசில்லா டெவலப்பர்களிடம் ஒரு பிழை அறிக்கையில் எது உதவுகிறது என்று கேட்டபோது, மறுபடி வரவழைக்கும் படிகளைத்தான் முதன்மையாகச் சொன்னார்கள். அதைச் செய்ய இரண்டு வருட அனுபவம் தாராளம்.

பிப்ரவரி 1, ஞாயிறு, இரவு 10:00

இவ்வளவு நாள் எழுதியதில் எனக்கே ஒன்று உறைத்தது. என் 'கௌ' அறிக்கையில் நான் சொல்லை மட்டும்தான் எழுதியிருந்தேன். எந்த வடிவத்தில் தட்டியது என்று எழுதவில்லை, கோப்பை இணைக்கவில்லை. தமிழ் தெரியாத ஒருவர் அதை எப்படி மறுபடி வரவழைப்பார்? அந்த மூன்று நாள் 'வெற்றி'யில் என் பங்கும் இருக்கிறது.

நேற்று மதியம் புதிதாகப் பதிந்தேன். 'கௌதமன்' மூன்று வடிவத்திலும் ஒவ்வொரு கோப்பு, ஒவ்வொன்றிலும் இருக்கும் யுனிகோடு எண்கள், எதைத் தேடினால் எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை, எல்லாம். முதல் இரண்டும் தரத்தின்படி சமம், அதனால் கிடைத்தாக வேண்டும். மூன்றாவது தட்டச்சுத் தவறு, அதைக் கண்டுபிடிப்பது உங்கள் விருப்பம் என்றும் எழுதினேன். பழைய இரண்டு பதிவுகளின் இணைப்பையும் கொடுத்தேன்.

இன்று காலை பதில் வந்திருந்தது. அதே பராமரிப்பாளர். 'முதல் இரண்டு கோப்பிலும் பிழை வருகிறது. அப்போது தவறாக மூடிவிட்டேன். இந்தக் கோப்புகளை எங்கள் டெஸ்டுகளோடு சேர்த்துக்கொள்ளலாமா?'

சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதிவிட்டேன். 'கொ', 'கோ' இரண்டுக்கும் கோப்பு தயார் செய்துகொண்டிருக்கிறேன். அவற்றிலும் இதே சிக்கல் இருக்கிறது.